எந்த அன்பியம்?

எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர்களிடம் ஒரு நாகரிகம் உண்டு. யாரிடமும் சாதியைக் கேட்க மாட்டோம். அது பாவம், அசிங்கம், வேதத்துக்கு விரோதம். ஆகவே அன்பியத்தைக் கேட்போம்.

அன்பியம் என்றால் என்னவென்று வெளியாருக்குச் சொல்ல வேண்டும். ஒரு பாதரின் பொறுப்பில் உள்ள கோவிலையும் அதன் ஊர்களையும் பங்கு என்போம்; அந்தப் பங்கின் குடும்பங்களை இருபது இருபதாக, முப்பது முப்பதாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு புனிதரின் பெயரை வைத்து, வாரத்துக்கு ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கச் சொல்வார்கள். அந்தக் குழுதான் அன்பியம். அன்பிலிருந்து பிறந்த சொல். அழகான சொல்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் குழுக்களைப் பிரித்தது தெருத் தெருவாக. எங்கள் ஊர்களில் தெருக்களைப் பிரித்தது எதுவென்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. "எந்தப் பங்கு?" என்று தொடங்கி, "அங்க எந்த அன்பியம்?" என்று அடுத்த கேள்வியைப் போட்டால் போதும். பதில் சொன்னவரின் தாத்தா யார் வயலில் வேலை பார்த்தார் என்பதுவரை தெரிந்துவிடும். கேட்டவர் கடைசிவரை பக்திமானாகவே இருந்துகொள்ளலாம்.

நான் ஆவூருக்கும் குளத்தூருக்கும் இடையில் உள்ள ஒரு சின்ன ஊரில், கடைசித் தெருவில் பிறந்தவள். இருபத்தாறு வருடமாகக் கணக்கு டீச்சர். இப்போது திருக்கோகர்ணத்தில் குடியிருக்கிறேன். இங்கே வீடு பிடிக்க அலைந்தபோது வேறு மாதிரிக் கேள்விகளைச் சந்தித்தேன், அவற்றுக்கெல்லாம் அன்பு என்ற முகமூடிகூடக் கிடையாது. அதைப் பிறகு ஒரு நாள் திட்டிக்கொள்கிறேன்.

பன்னிரண்டு வயதில் பக்கத்துப் பங்கில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பைபிள் வாசகம் படிக்க என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று நாள் மனப்பாடமாகப் படித்துப் பார்த்தேன். சனிக்கிழமை ஒத்திகை முடிந்ததும் பாடகர் குழுவைப் பார்த்துக்கொண்ட ஓர் அம்மாள் என் கன்னத்தைத் தட்டிக் கொடுத்து, எந்த அன்பியம் என்று கேட்டார். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. பெருமையாகச் சொன்னேன். மறுநாள் வாசகத்தை வேறொரு பெண் படித்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "ஒனக்குக் கொரல் கொஞ்சம் கம்மிடி" என்றார் அந்த அம்மாள். எனக்கா குரல் கம்மி? மைக் இல்லாமல் அறுபது பிள்ளைகளை அடக்கி உட்கார வைத்த குரல் இது. அன்றைக்கு ஒன்று விளங்கியது. தெருதான் காரணம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பார்ப்பதற்கு யோக்கியமான வேறொரு காரணம் கைவசம் இருக்கும். சொல்பவர் அதை மனதார நம்பவும் செய்வார். அந்த அம்மாள் சாகும்வரை எனக்குக் குரல் கம்மி என்றே நம்பியிருப்பார்.

நான் வேலை பார்க்கும் பள்ளியின் பெயர் வேண்டாம். தாளாளர் ஒரு பாதர். தலைமையாசிரியரை எல்லாரும் நல்ல மனிதர் என்பார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். தற்காலிக ஆசிரியர் எடுக்கும்போது அவர்கள் இருவரும் நானும் நேர்காணலுக்கு உட்காருவோம். தலைமையாசிரியர் முதல் கேள்வியாக எந்தப் பங்கு என்பார், இரண்டாவதாக எந்த அன்பியம் என்பார். பாடத்தைப் பற்றி மூன்றாவதாகத்தான் கேட்பார். இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மூன்றாம் வருடம் கத்திவிட்டேன். வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுக் கத்தியிருக்கலாம், அதற்குக்கூடப் பொறுமை இல்லை.

அந்தக் கத்தலுக்குப் பலன் கிடைத்தது. ஊர், பங்கு, அன்பியம் எதையும் கேட்கக் கூடாது என்று முடிவாயிற்று. வருகிற எல்லாரும் ஒரே பாடத்தை மாதிரி வகுப்பாக எடுக்க வேண்டும். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எல்லாரிடமும் ஒரே சந்தேகத்தைக் கேட்பேன். மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன்பே மதிப்பெண்ணையும் அதற்கான காரணத்தையும் தனித்தனித் தாளில் எழுதி மடித்துவிட வேண்டும். வகுப்பைக் கம்ப்யூட்டர் டீச்சர் மொபைலில் வீடியோ எடுத்து வைப்பார். இவ்வளவு சந்தேகப்பட்டால் எப்படி என்று தலைமையாசிரியர் வருத்தப்பட்டார். பாதர் சரி என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாவட்டத்திலேயே பாரபட்சத்தை ஒழித்துவிட்டவள் மாதிரி ஒரு மாதம் நடந்தேன். ஸ்டாப் ரூமில் ஒருவர் மட்டும், அவங்க ஆளுகளக் கொண்டுவரத்தான் இந்தச் சட்டமெல்லாம் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னதாகக் காதுக்கு வந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று வெளியே காட்டிக்கொள்ளவில்லை. உள்ளே அது முள்ளாகத் தைத்துவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

போன ஜூனில் எங்கள் கணக்கு டீச்சர் ஒருவர் பிரசவ விடுப்பில் போனார். அவர் இடத்துக்கு வந்தவர்களில் இரண்டு பேர் கடைசிவரை நின்றார்கள். ஒருத்திக்கு இருபத்தேழு வயது இருக்கும். எம்.எஸ்ஸி., பி.எட். முடித்துவிட்டுக் குளத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள். மற்றவர் முப்பதைத் தாண்டியவர், ஏற்கெனவே ஒரு பள்ளியில் இரண்டு வருடம் வேலை பார்த்தவர்.

மாதிரி வகுப்புக்கு முன்னால் வராந்தாவில் எல்லாருக்கும் டீ கொடுத்தார்கள். அந்தச் சின்னப் பெண் தூணோரம் ஒதுங்கி நின்றாள். பஸ் கிடைத்ததா, சாப்பிட்டாயா என்று நான்தான் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். பயப்படாதே என்றேன். பயமெல்லாம் இல்லை என்று சிரித்தாள். பிறகு, "இது அஞ்சாவது எடம் டீச்சர். இதுவும் அமையலைன்னா படிச்சத மறந்துட்டுக் கடையிலயே நின்னுக்கன்னு அப்பா சொல்லிருச்சு" என்றாள். அதைக் கேட்டு எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவத்தோடு பாவமாக என் வாய் அடுத்ததையும் கேட்டது.

"எந்த அன்பியம்மா?"

நான்தான் கேட்டேன். கத்திச் சண்டை போட்டு அந்தக் கேள்வியை அறையிலிருந்து விரட்டிய அதே நான். அறைக்குள்ளேதானே கேட்கக் கூடாது, இது வராந்தா என்று மனம் அதற்குள் சட்டம் படித்துவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது, இப்போது எழுதும்போதும்.

அவள் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பதில் சொன்னாள். அது பக்கத்துப் பங்கின் கடைசித் தெரு. என் அத்தை வாழ்க்கைப்பட்ட தெரு. நான் பன்னிரண்டு வயதில் தங்கியிருந்த தெரு. எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? நம் பிள்ளை ஒருத்தி எம்.எஸ்ஸி. முடித்து வந்து நிற்கிறாள் என்று நெஞ்சு நிறைந்திருக்க வேண்டும். தோன்றியது பயம். இவள் உள்ளே வந்தால் நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன் என்று சொல்வார்கள் என்ற பயம். நானும் அந்தத் தெருவைத் தெரிந்தவள்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ம், சரி" என்றுவிட்டு நகர்ந்தேன். அவள் சாக்பீஸைக் கையில் எடுப்பதற்கு முன்பே நான் அவளுக்கென்று அளவுகோலில் ஒரு சாண் கூட்டி வைத்துவிட்டேன்.

முதல் வகுப்பு அவளுடையது. எட்டாம் வகுப்பு, முழுக்கள். பாதியில் நான் கடைசி பெஞ்சிலிருந்து என் சந்தேகத்தைக் கேட்டேன். மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது? அவள் பலகையைப் பார்த்துக்கொண்டு சற்று நின்றாள். பிறகு திரும்பி, ஒருவர் பின்பக்கமாக நடப்பதை வீடியோ எடுத்து, அந்த வீடியோவையும் பின்னோக்கி ஓட்டினால் அவர் எந்தப் பக்கம் போவார் என்று பிள்ளைகளைக் கேட்டாள். முன்னாடி, முன்னாடி என்று வகுப்பே சொன்னது. ஒரு பிள்ளை எழுந்து பின்பக்கமாக நடந்தே காட்டிற்று.

அடுத்து மற்றவர், எட்டாம் வகுப்பின் அடுத்த பிரிவில். அதே இடத்தில் அதே கேள்வியைக் கேட்டேன். அவரும் சற்று நின்றார். பிறகு மைனஸ் இரண்டின் வாய்ப்பாட்டை மேலிருந்து கீழாக எழுதி, விடை இரண்டிரண்டாகக் கூடுவதைக் காட்டினார். அதுவும் சரியான முறைதான், நானே அப்படி நடத்தியிருக்கிறேன். தாளில் மதிப்பெண் போட்டு, காரணம் எழுதி, மடித்துக் கொடுத்தேன்.

பிரித்துக் கூட்டியபோது மற்றவருக்கு மூன்று மதிப்பெண் அதிகம். பாதரும் தலைமையாசிரியரும் இருவருக்கும் ஏறக்குறைய சமமாகவே போட்டிருந்தார்கள். விளக்கும் திறனில் நான் சின்னவளுக்குப் பதினான்கும் பெரியவருக்குப் பத்தொன்பதும் போட்டிருந்தேன். முடிவைச் செய்தது என் தாள்தான். பாதரின் கையெழுத்து வாங்கி அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்றார்கள். வெளியே வரும்போது தலைமையாசிரியர் என்னைத் தனியாக நிறுத்தி, "ஒங்க ஆளுன்னுகூடப் பாக்காம நடுநிலையா போட்டிருக்கீங்க டீச்சர். மனசாரச் சொல்றேன், பெரிய விசயம்" என்றார். எனக்கு வெட்கமாக இருக்கிறது, சொல்லத்தான் வேண்டும்: நான் சந்தோஷப்பட்டேன். டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நடுநிலை என்ற வார்த்தையை மிட்டாய் மாதிரி வாயில் ஒதுக்கிக்கொண்டு வீடுவரை வந்தேன்.

மறுநாள் தாள்களைக் கோப்பில் சேர்க்கும் வேலை எனக்கு. என் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் துளையிட்டபோது கண்ணில் பட்டது. சின்னவளின் தாளில், "கேள்வி கேட்டதும் தடுமாறுகிறார்." பெரியவரின் தாளில், "கேள்வி கேட்டதும் யோசித்துப் பேசுகிறார்." இரண்டும் என் கையெழுத்து. இரண்டும் ஒரே கேள்விக்கு எழுதியவை.

கம்ப்யூட்டர் டீச்சரிடம் வீடியோக்களை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். என் கேள்வி முடிந்த இடத்திலிருந்து வாய்க்குள் எண்ணினேன். சின்னவள் ஏழு எண்ணும் நேரம் நின்றிருந்தாள். பெரியவர் பதினொன்று எண்ணும் நேரம். நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினேன். குறைவாக நின்றவளுக்குத் தடுமாற்றம், கூடுதலாக நின்றவருக்கு யோசனை. எனக்குக் குரல் கம்மி என்ற அம்மாளும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் மேல் எனக்கு நாற்பது வருடக் கோபம். என் மேல் வந்ததற்கு என்ன பெயர் வைப்பதென்று தெரியவில்லை. மேசையில் இருந்த துளையிடும் கருவியைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன், துண்டுக் காகிதமெல்லாம் அறை முழுக்கச் சிதறிப் போயிற்று. நானே குனிந்து பொறுக்கினேன்.

இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு தலைமையாசிரியரிடம் போய், என் மதிப்பெண் தப்பு, மறுபடி பார்க்க வேண்டும் என்றேன். அவர் தாள்களைத் தொடவே இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். இப்போது மாற்றினால் ஒங்க ஆளுக்காக மாற்றினீர்கள் என்றுதான் பேசுவார்கள், ஒங்க நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றார். எனக்கு உச்சந்தலை கொதித்தது. அவளுக்கு அநியாயம் செய்தால் நான் நடுநிலை. அந்த அநியாயத்தைச் சரிசெய்தால் ஆள் பிடிக்கிறவள். இது என்ன கணக்கு?

"என் ஆளுன்னு ஒங்களுக்கு யாரு சார் சொன்னது? நாமதான் அதக் கேக்குறதையே நிறுத்திட்டமே."

 அவர் குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாக, "கேட்டாத்தான் தெரியணுமா டீச்சர்" என்றார்.

ஆக, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நடை, உடை, ஊர்ப் பேச்சு, சான்றிதழில் உள்ள அப்பா பெயர் என்று எல்லாவற்றிலிருந்தும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கேள்வியை நிறுத்திவிட்டால் நினைப்பும் நின்றுவிடும் என்று நம்பிய ஒரே ஆள் நான்தான். சொல்லப்போனால் நானே நிறுத்தவில்லையே.

பாதரிடம் போனேன். வராந்தாவில் கேட்டதிலிருந்து துளையிட்டதுவரை ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் நல்லவிதமாகவே கேட்டுக்கொண்டார். கடைசியில், இதற்கெல்லாம் மனசு மாற வேண்டும், அதற்காக ஜெபிப்போம் என்றார். ஜெபத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அந்தப் பேச்சு எனக்கு ஆகவில்லை.

"மனசு மாறுறப்ப மாறட்டும் பாதர். அதுவரைக்கும் எங்க மனச நம்பி வேலைய யாருக்குக் குடுக்குறது?"

சாமியாரிடம் இப்படிப் பேசுகிறவர்கள் எங்கள் பக்கம் குறைவு. அவர் கோபப்படவில்லை, வேறு என்ன செய்யலாம் என்று கேட்டார். யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். வீடியோவில் படத்தை எடுத்துவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள்வது. ஒன்று, இரண்டு என்று எண் போடுவது. எங்கள் மாவட்டத்தையே அறியாத இரண்டு கணக்கு ஆசிரியர்களுக்கு அனுப்புவது. யாருக்கு வேலை, எந்தப் பள்ளி என்றுகூட அவர்களிடம் சொல்லக் கூடாது. என் தாளைக் கிழித்துவிட்டு அவர்களுடைய மதிப்பெண்ணை வைத்துக்கொள்ள வேண்டும். குரலிலும் தெரு தெரியும் என்று எனக்குத் தெரியும், ஆனால் தூரத்து ஊர்க்காரருக்கு எங்கள் தெருக்கள் தெரியாது. பாதர் சம்மதித்தார். தலைமையாசிரியர் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பதில் வர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் என் வகுப்பில் நானே எண்ண ஆரம்பித்தேன். ஒரு பிள்ளையிடம் கேள்வி கேட்டால் அது வாய் திறக்க நான் எவ்வளவு நேரம் காத்திருக்கிறேன் என்று. டாக்டர் வீட்டுப் பெண்ணுக்குப் பத்து எண்ணும்வரை சிரித்துக்கொண்டே காத்திருக்கிறேன். மூன்றாவது வரிசையில் உட்காரும் ஒரு பெண்ணுக்கு நான்கு எண்ணுவதற்குள் "சரி, நீ உக்காரு" என்கிறேன். அவளுடைய அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அவளுக்கு வராது என்று நான் என்றைக்கு முடிவு செய்தேன்? எனக்கே தெரியாது. இப்போது எல்லாருக்கும் பத்து எண்ணுகிறேன், உதடு அசையாமல். எத்தனை நல்லெண்ணம் வைத்திருந்தாலும் எண்ணாத நாளில் பழையபடியே குறைந்துவிடுகிறது. நல்லெண்ணத்தின் மேல் எனக்கிருந்த மரியாதையே போய்விட்டது.

பதில்கள் வந்தன. இரண்டு பேருமே முதல் எண்ணுக்கு அதிகம் போட்டிருந்தார்கள். அது சின்னவள். மற்றவரைப் பற்றியும் நல்ல விதமாகவே எழுதியிருந்தார்கள். நின்ற நேரத்தைப் பற்றி இருவருமே ஒரு வார்த்தை எழுதவில்லை. தடுமாற்றமும் இல்லை, யோசனையும் இல்லை. அப்படி ஒன்றைப் பார்த்தது நான் மட்டும்தான்.

அவள் வேலையில் சேர்ந்தாள். ஸ்டாப் ரூமில் என்ன பேசியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் வாரம் ஒரு நாள், வகுப்பில்லாத நேரத்தில், அவள் என் மேசைக்கு வந்து நின்றாள். நான் திருத்திக்கொண்டிருந்த தாள்களில் பெயர் இருக்கும் இடத்தை என் கண்ணில் படாதபடி மடித்து ஸ்டேப்ளர் அடித்திருப்பதைப் பார்த்தாள், அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"நீங்கதான் எனக்கு வேலை வாங்கிக் குடுத்தீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க டீச்சர். நெசமா?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அவள் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பாள். என்னை அக்கா என்றும் கூப்பிட ஆரம்பித்திருப்பாள். ஒரு விநாடி அந்த ஆசை வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"இல்லம்மா" என்றேன். "ஒனக்குக் கெடைக்காமப் பண்ணப் பாத்தது நானு. மார்க்கக் கொறச்சேன். அப்பறம்தான் புத்தி வந்துச்சு."

அவள் அதிர்ச்சி அடைவாள், அழுவாள், ஏன் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்டால் சொல்வதற்குக் காரணங்களையெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன்: என் பயம், ஊர்வாய், பன்னிரண்டு வயதில் எனக்கு நடந்தது. அவள் எதையும் கேட்கவில்லை.

"தெரியும் டீச்சர். அன்பியத்தச் சொன்ன ஒடனே ஒங்க மூஞ்சி மாறிருச்சு. அதப் பாத்துட்டுத்தான் கிளாசுக்கே வந்தேன்."

அதில் கோபம்கூட இல்லை. பழகிப்போனவர்கள் சொல்வதுபோலச் சொன்னாள். மணி அடித்தது. வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு, "வாரேன் டீச்சர்" என்று போய்விட்டாள்.  என் முகம் மாறியது எனக்குத் தெரியாது, ஆனால் எதிரே நின்றவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த முகத்தைத்தான் இருபத்தாறு வருடமாகப் பிள்ளைகளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்.